டீசல் பிக்கப் இழுக்கவில்லையா? பம்ப்பையும் இன்ஜெக்டரையும் கழற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

லோடு இல்லாதபோது வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஒரு டன் ஏற்றி மேட்டில் விட்டால் இழுக்க மாட்டேன் என்கிறது. மூன்றாம் கியரில் ஏறிய இடம் இப்போது இரண்டாம் கியர் கேட்கிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் ஒரு அளவுக்கு மேல் என்ஜின் வேகம் எடுப்பதில்லை. செக் என்ஜின் லைட் எரிகிறது. சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் சரியாகிவிடுகிறது. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அதே தொல்லை. டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குக் கொண்டுவரும் புகார்களில் அடிக்கடி கேட்பது இதுதான்.

அதற்குப் பல இடங்களில் கிடைக்கும் பதிலும் ஒன்றேதான்: "பம்ப் போயிருக்கும், இல்லன்னா இன்ஜெக்டர் போயிருக்கும்." எரிபொருள் அமைப்பிலேயே விலை கூடிய இரண்டு பொருள்கள் அவை. கழற்றி, கலிபரேஷனுக்கு அனுப்பி, மாட்டி முடிப்பதற்குள் மாதத் தவணை அளவுக்குப் பணம் போய்விடும், வண்டியும் ஓடாமல் நிற்கும். கடைசியில் கோளாறு டீசல் ஹோஸில் ஒரு கீறலாகவோ டர்போ ஹோஸில் ஒரு ஓட்டையாகவோ இருந்தால் அந்தச் செலவு முழுவதும் வீண். அதனால் இந்த வழிகாட்டி ஒரு வரிசையைப் பிடிவாதமாகப் பின்பற்றுகிறது. கழற்றாமல் பார்க்கக்கூடியது முதலில், கழற்றிப் பார்க்க வேண்டியது பிறகு. காசு குறைந்தது முதலில், காசு கூடியது கடைசியில்.

இங்கே சொல்வது காமன் ரயில் டீசல் என்ஜின்களுக்கு, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகைக்கு. 2.5 லிட்டர் பொலிரோ பிக்கப், மூன்று சிலிண்டர் தோஸ்த், டாடா யோதா, இசுசு டி-மேக்ஸ் எல்லாம் இந்த வகை. 2005-இல் வந்த பழைய டாடா ஏஸ் போல இரண்டு சிலிண்டர் 702 சிசி வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்கேனர் (வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி) பகுதியைத் தாண்டிவிடலாம். டேங்க், ஃபில்டர், காற்று பற்றிச் சொல்வது அவர்களுக்கும் பொருந்தும்.

டீசல் போகும் பாதை

டேங்க்கில் ஒரு வலைச் சல்லடை. அங்கிருந்து ஹோஸ் வழியாகத் தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டருக்கு வருகிறது. பிறகு ஃபீட் பம்ப், அதையடுத்து ஹை பிரஷர் பம்ப். அது அழுத்திய டீசல் ரயில் என்ற தடித்த குழாயில் தேங்கி நிற்கிறது. என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி சொல்லும் நொடியில் இன்ஜெக்டர் திறந்து சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறது. மிஞ்சியது ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்க்குக்குத் திரும்புகிறது.

ஐடிலிங்கில் ரயிலில் ஏறக்குறைய 250 முதல் 400 பார் அழுத்தம் இருக்கும். முழு லோடில் மேடு ஏறும்போது 1,600 பார் வரை போகும், சில என்ஜின்களில் அதற்கும் மேல். ரயிலில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. கணினி 1,400 பார் கேட்டு 1,100 மட்டுமே வந்தால், என்ஜினைக் காப்பாற்றுவதற்காக அது சக்தியைக் குறைத்துவிடும். லிம்ப் மோடு என்பது இதுதான். அது கோளாறு அல்ல, கோளாறு இருப்பதற்கான அறிவிப்பு. சாவியை அணைத்துப் போட்டதும் கணினி புதிதாகக் கணக்கைத் தொடங்குவதால் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். "தானாகவே சரியாகிடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது.

படி 1: புகாரை எழுதுங்கள்

"வண்டி இழுக்கல" என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் ஊகிக்கத்தான் முடியும். எந்த கியர், என்ன ஆர்பிஎம், எவ்வளவு லோடு, என்ஜின் சூடா குளிரா, டேங்க்கில் எவ்வளவு டீசல், புகை என்ன நிறம், கடைசியாக எங்கே டீசல் போட்டது, கடைசியாக என்ன வேலை பார்த்தது. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். சர்வீஸ் முடிந்த மறுநாளே தொடங்கிய கோளாறு என்றால், சர்வீஸில் கை வைத்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டேங்க் கால்வாசிக்குக் கீழே போனால் மட்டும் வருகிறது என்றால் சந்தேகம் டேங்க் பக்கம் போகிறது.

கரும்புகை என்றால் டீசலுக்குத் தேவையான காற்று கிடைக்கவில்லை. புகையே இல்லாமல் சக்தி மட்டும் குறைந்தால் டீசல் போதவில்லை, அல்லது கணினி குறைத்திருக்கிறது. சூடான என்ஜினில் நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. எரியாத டீசல் வாசனையோடு வெள்ளைப்புகை வந்தால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன். இந்த ஒரு கவனிப்பிலேயே பாதி திசை தெரிந்துவிடும்.

படி 2: என்ஜின்தான் காரணமா?

பத்து நிமிட வேலை. பல பேர் செய்வதில்லை. ஒரு நடை ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேட்டில் ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. டயர் காற்றையும் பாருங்கள். லோடு எவ்வளவு என்பதையும் நேர்மையாகக் கணக்கிடுங்கள். பதிவுச் சான்றில் உள்ள எடைக்கு மேல் அரை டன் ஏற்றிவிட்டுத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இழுக்கவில்லை என்றால், அது பழுது ஆகாது. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குதான். அங்கே எந்த என்ஜினும் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

படி 3: காற்று வழி

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். செங்கல் சூளை, குவாரி, மண் ரோடு என்று ஓடும் வண்டிகளில் கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு வெகு முன்பே அது அடைத்துப்போகும். காற்றடித்துத் தட்டித் தட்டித் திரும்பப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தாள் கிழிந்து உள்ளே போகும் தூசு டர்போவின் இறக்கைகளைத் தின்றுவிடும்.

அடுத்து டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்கள். கையால் மேலும் கீழும் தடவிப் பாருங்கள், அடிப்பக்கத்தையும் விடாதீர்கள். லேசான ஆயில் படலம் சகஜம். ஒரு இணைப்பில் மட்டும் ஆயிலும் தூசியும் சேர்ந்து ஈரக் கோடாகத் தெரிந்தால் அங்கேதான் காற்று கசிகிறது. லோடில் புதிதாக ஒரு விசில் சத்தம், கூடவே கரும்புகை, இழுவைக் குறைவு மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இந்த ஹோஸ் அல்லது அதன் கிளிப்தான். சோப்புத் தண்ணீர் தடவி, உதவிக்கு ஒருவரை வைத்து ஆக்சிலேட்டரை ஏற்றச் சொன்னால் குமிழி வரும். டர்போ ஆக்சுவேட்டருக்குப் போகும் சன்னமான குழாயையும் பாருங்கள். அது வெடித்திருந்தாலோ கழன்றிருந்தாலோ டர்போவே செத்துப்போனது போல வண்டி நடந்துகொள்ளும்.

மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) உள்ள வண்டியில் அதைத் துணியாலோ விரலாலோ துடைக்கக் கூடாது. அதற்கென விற்கும் ஸ்பிரேயை அடித்து, தானாகக் காயவிட வேண்டும்.

படி 4: டேங்க் முதல் ஃபில்டர் வரை

நிதானமாக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது.

முதலில் டேங்க் மூடி. மூடியில் காற்று உள்ளே போகும் வழி அடைத்துப்போனால் டேங்க்குக்குள் வெற்றிடம் உருவாகி டீசல் வர மறுக்கும். கோளாறு வந்த நேரத்தில் வண்டியை ஓரங்கட்டி மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி நன்றாக ஓடினால் வேலை அங்கேயே முடிந்தது.

அடுத்து தண்ணீர். ஃபில்டரின் அடியில் உள்ள டிரெயின் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி பாட்டிலில் கால் லிட்டர் அளவுக்குப் பிடியுங்கள். அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால் தண்ணீர் கீழே, டீசல் மேலே என்று கோடு பிரியும். அடியில் பழுப்பு நிறத் துரு தெரிந்தால் டேங்க்கை இறக்கிக் கழுவாமல் ஃபில்டரை மட்டும் மாற்றுவது சில வாரத்துக்குத்தான் தாங்கும். கறுப்பாக, வழவழப்பாக ஒரு படிவு இருந்தால் டீசலில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது. வெகுநாள் நின்ற வண்டிகளில், தண்ணீர் தேங்கிய டேங்க்கில் வரும். வெள்ளி நிறத்தில் மினுங்கும் துகள் இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஏன் என்று படி 7-இல் சொல்கிறேன்.

ஃபில்டரை மாற்றும்போது அம்புக்குறியின் திசையைப் பாருங்கள். புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசல் ஊற்றி மாட்டும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வடிகட்டாத டீசல் சுத்தப் பக்கத்தில் போய்விட்டால் அது நேராக பம்ப்புக்குத்தான் போகும். இன்ஜெக்டருக்குள் நகரும் பாகங்களின் இடைவெளி 2, 3 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசியே அங்கே போதும். ஹேண்ட் பிரைமரை (கையால் டீசலை ஏற்றும் சின்ன பம்ப்) அழுத்தி, அது கெட்டியாகும் வரை டீசலை ஏற்றுவதே சரியான முறை. காலி ஃபில்டரோடு நீள நீளமாக செல்ஃப் அடிக்காதீர்கள். பம்ப்புக்கு எண்ணெயும் டீசல்தான், காய்ந்து சுற்றினால் உரசித் தேயும்.

அப்புறம் ஏர் பிடிப்பது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஃபீட் பம்ப் டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சி இழுக்கும் வண்டிகளில், டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவே எங்காவது கீறல் இருந்தால் வெளியே ஒரு சொட்டுகூட வராது. காற்றுதான் உள்ளே போகும். "எங்கயும் லீக் இல்லையே" என்று பார்த்தவர் சொல்வது உண்மை, ஆனால் கோளாறும் அங்கேயே இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாவது, ஐடிலிங் நடுங்குவது, மேட்டில் திடீரென்று அடங்கிப்போவது எல்லாம் இதன் அடையாளம். ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே டீசல் தாங்கும் ஒளி ஊடுருவும் ஹோஸை ஒரு முழ நீளத்துக்குத் தற்காலிகமாக மாட்டி, என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆன புதிதில் ஓரிரு குமிழி வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. நிற்காமல் வந்தால் பின்னோக்கிப் போய் ஒவ்வொரு இணைப்பாகச் சோதியுங்கள்: ஃபில்டர் ரப்பர் வாஷர், பிரைமர், சேஸிஸில் உரசும் ஹோஸ், டேங்க்கின் மேல் உள்ள இணைப்பு. ஒரு சுத்தமான கேனில் டீசல் வைத்து, தனி ஹோஸ் மூலம் ஃபில்டருக்கு நேரடியாகக் கொடுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. கேனில் இருந்து நன்றாக ஓடினால் கோளாறு டேங்க் பக்கம். பம்ப்பின் மேல் பழி போட வேண்டியதில்லை.

படி 5: ஸ்கேனரில் பார்க்க வேண்டியது கோடு (கோளாறு எண்) மட்டும் அல்ல

கோடு படிப்பதோடு நின்றுவிடுவதுதான் தேவையில்லாத செலவுக்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து. பி0087 என்றால் ரயில் அழுத்தம் குறைவு. "ரயில் பிரஷர் கோடு வருது, பம்ப் மாத்தணும்" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அடைத்த ஃபில்டருக்கும் இதே கோடுதான் வரும். காற்றுக் கசிவுக்கும், ஒழுகும் இன்ஜெக்டருக்கும், தேய்ந்த பம்ப்புக்கும்கூட இதேதான். பி0299 டர்போ அழுத்தம் குறைவு என்கிறது. காரணம் பாதி நேரம் ஹோஸ்தான், டர்போ அல்ல. பி0401, பி0402 இரண்டும் ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் அமைப்பு) ஓட்டம் பற்றியவை. பி2463 டிபிஎஃப்பில் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) கரி சேர்ந்திருப்பதைச் சொல்கிறது.

பார்க்க வேண்டியது லைவ் டேட்டா. கணினி கேட்கும் ரயில் அழுத்தம் ஒன்று, கிடைக்கும் அழுத்தம் ஒன்று. இரண்டையும் ஒரே திரையில் வைத்து, லோடோடு மேடு ஏறும்போது பதிவு செய்யச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ஆக்சிலேட்டர் மிதித்துப் பார்த்தால் எந்தக் கோளாறும் தெரியாது. சில பத்து பார் வித்தியாசம் வந்து வந்து போவது சரி. கேட்டதைவிட நூறு, இருநூறு பார் கீழேயே கிடந்தால் டீசல் பக்கம்தான் குறை. இரண்டும் ஒட்டியே போய், ஆனாலும் இழுவை இல்லை என்றால் டீசலை விட்டுவிட்டு பூஸ்ட் அழுத்தத்தையும் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஆக்சிலேட்டர் பெடல் சதவீதத்தையும் பாருங்கள். பெடலை முழுக்க மிதித்தும் திரையில் அறுபது, எழுபது சதவீதம்தான் வருகிறது என்றால், பெடல் சென்சாரையும் அதன் வயரிங்கையும் சந்தேகப்பட வேண்டும்.

வண்டி பல மணி நேரம் நின்றபின் சாவியை மட்டும் ஆன் செய்து ரயில் அழுத்தத்தைப் பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். ஓடாத என்ஜினில் நூறு பார் காட்டினால் சென்சாரையோ வயரையோ நம்ப முடியாது. எலி கடித்த வயரும், பச்சை பூத்த கனெக்டரும், தளர்ந்த எர்த்தும் பம்ப் கோளாறு போலவே வேஷம் போடும்.

உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை

பழைய என்ஜின்களில் எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்க்க, ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். காமன் ரயிலில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. பல நூறு பார் அழுத்தத்தில் ஊசி முனை அளவு வெளியே வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்ன புள்ளி மட்டும் தெரியும், வலிகூட முதலில் அவ்வளவாக இருக்காது. சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி நடந்தால் காத்திருக்காமல் அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய், "ஹை பிரஷர் டீசல் உள்ளே போயிருக்கிறது" என்று சொல்ல வேண்டும். ஹை பிரஷர் பக்கத்தில் கசிவு தேடக் கையை நீட்டாதீர்கள், ஒரு அட்டைத் துண்டை நீட்டுங்கள். என்ஜினை அணைத்தபின்னும் சில நிமிடம் விட்டுத்தான் எந்த நட்டிலும் ஸ்பேனர் வைக்க வேண்டும்.

படி 6: இன்ஜெக்டரைக் கழற்றாமல் சோதிப்பது

ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் பிரித்து, அளவுக்கோடு போட்ட ஒரே மாதிரி பாட்டில்களில் தனித்தனியாக விடுவார்கள். சூடான என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு எதில் எவ்வளவு சேர்கிறது என்று பார்ப்பது லீக் ஆஃப் சோதனை. எல்லாவற்றிலும் ஏறக்குறைய சமமாக இருந்தால் இன்ஜெக்டர்களின் உள் கசிவு சந்தேகத்தைத் தள்ளிவைக்கலாம். ஒன்றில் மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு, மூன்று மடங்கு சேர்ந்தால் அதுதான் அழுத்தத்தை வெளியே விடுகிறது. நான்கையும் மாற்றச் சொல்பவரிடம் இந்த பாட்டில்களைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வேறு பட்டறைக்குப் போவது நல்லது.

இன்ஜெக்டர் மாற்றினால் அதன் தலையில் பொறித்த எண்ணை ஸ்கேனர் மூலம் கணினியில் ஏற்ற வேண்டும். அடியில் உள்ள செம்பு வாஷரும் புதிதாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு "புது இன்ஜெக்டர் போட்டும் நடுங்குது" என்று திரும்பி வரும் வண்டிகள் உண்டு.

படி 7: பம்ப்

இதுவரை எல்லாம் சரி என்றால்தான் இங்கே வர வேண்டும். அதிலும் முதல் சந்தேகம் பம்ப்பின் மேல் இருக்கும் டீசல் அளவு வால்வு. எஸ்சிவி, மீட்டரிங் வால்வு என்று கடைகளில் சொல்வார்கள். அது சிக்கினால் ஐடிலிங்கில் ஆர்பிஎம் ஏறி இறங்கும், வண்டி ஓட்டத்தில் சட்டென்று அடங்கும். பல பம்ப்புகளில் இதைத் தனியாக மாற்றலாம். ரயிலின் கடைசியில் உள்ள ரிலீஃப் வால்வு ஒழுகினாலும் அழுத்தம் நிற்காது. அதன் ரிட்டர்னில் டீசல் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

இப்போது அந்த வெள்ளித் துகளுக்கு வருவோம். பம்ப் உள்ளே உரசித் தேய்ந்தால் உலோகத் தூள் ரயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் வழியாக டேங்க் வரை பரவும். அமெரிக்க டீசல் பிக்கப்களில் இது பெரிய விவகாரமாகவே ஆனது. பாஷ் நிறுவனத்தின் சிபி4 வகை பம்ப் பொருத்திய வண்டிகளில் பம்ப் உடைந்து துகள் பரவியதாக உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2021-இல் ராம் 2500, 3500 உள்ளிட்ட வரிசைகளின் 2019, 2020 மாடல் கம்மின்ஸ் டீசல் வண்டிகள் 2 லட்சத்துக்கும் மேல் இதே பம்ப் காரணமாகத் திரும்ப அழைக்கப்பட்டன. நம் பிக்கப்களில் பம்ப் வேறாக இருக்கலாம், விளைவு ஒன்றுதான். துகள் தெரிந்தபின் பம்ப்பை மட்டும் மாற்றினால் பழைய குழாயில் மிச்சமிருக்கும் தூள் புது இன்ஜெக்டரையும் கெடுத்துவிடும். டேங்க் கழுவல், புது ஃபில்டர், ரயில், குழாய்கள், இன்ஜெக்டர் பரிசோதனை எல்லாம் சேர்ந்தே நடக்க வேண்டும். மண்ணெண்ணெய் கலந்த டீசலும், டேங்க் காலியாகும் வரை ஓட்டுவதும் பம்ப்பை இந்த நிலைக்கு வேகமாகத் தள்ளுகின்றன.

படி 8: புகை வெளியேறும் வழி

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் வெளியேறும் வழியும் சக்தியைக் குறைக்கும். நகரத்துக்குள்ளேயே நின்று நின்று டெலிவரிக்கு ஓடும் வண்டியில் டிபிஎஃப் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய நேரமே கிடைப்பதில்லை. லைட் எரிந்ததும் புறவழிச்சாலையில் 2,000 ஆர்பிஎம் சுமாரில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். அந்த நேரத்தில் புகைக்குழாய்ப் பக்கம் கடுமையான சூடு இருக்கும். வைக்கோல், காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள். டிபிஎஃப்பை வெட்டி எடுத்துவிடச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். அது சட்டப்படி தவறு, வாரண்டியும் போய்விடும். ஈஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தே நின்றால் கரும்புகையும் இழுவைக் குறைவும் வரும், கழற்றிச் சுத்தம் செய்யலாம்.

டெஃப் திரவம் (புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசல்) ஊற்றும் வகை வண்டி என்றால் ஒரு விஷயம் மறக்கக் கூடாது. அது தவறுதலாக டீசல் டேங்க்கில் போய்விட்டால் சாவியைக்கூட ஆன் செய்யாமல் டேங்க்கை இறக்குங்கள்.

டீசல் மேல் சந்தேகம் வந்தால்

பங்க்கில் அடர்த்தி சோதித்துக் காட்டச் சொல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் அங்கே இருக்க வேண்டும். 15 டிகிரிக்குக் கணக்கிட்ட அடர்த்தி, பதிவேட்டில் உள்ள அளவிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகக் கூடாது. பில்லை வாங்குங்கள், டிரெயின் செய்த டீசலைத் தேதி எழுதிய கண்ணாடி பாட்டிலில் மூடி வையுங்கள். "தண்ணி கலந்த டீசல், வாரண்டி கிடையாது" என்று சர்வீஸ் சென்டர் சொல்லும் நாளில் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

வாரண்டியில் இருக்கும் வண்டி

ஜாப் கார்டில் "ஜெனரல் செக்கப்" என்று எழுத விடாதீர்கள். படி 1-இல் எழுதிய புகாரை அப்படியே எழுதவைத்து நகல் வாங்குங்கள். லோடோடு, உங்களையும் ஏற்றிக்கொண்டு, புகார் வரும் அதே மேட்டில் சோதனை ஓட்டம் கேளுங்கள். "இந்த மாடலே இப்படித்தான்" என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். ஒரே புகாருக்கு மூன்று ஜாப் கார்டு சேர்ந்துவிட்டால், கம்பெனிக்கு எழுத்துமூலம் புகார் அனுப்பும் நேரம் வந்துவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் வாதம் "இது வணிக வாகனம், இவர் நுகர்வோரே அல்ல" என்பதாக இருக்கும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்குவது உண்மைதான். ஆனால் சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரை அதே சட்டம் நுகர்வோர் என்கிறது. ஒரே வண்டி வைத்துத் தானே ஓட்டுபவர் இதைப் புகாரின் முதல் பத்தியிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். கடன் பத்திரம், ஓட்டுநர் உரிமம், பெர்மிட் நகல்களையும் இணைக்க வேண்டும். புகார் கொடுக்கக் காலக்கெடு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. சர்வீஸ் சென்டரோடு பேசிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.